தெர்மல் ஸ்கோப்பை ஜீரோ செய்வது: குண்டு ஏன் ஓரிடத்தில் விழவில்லை?

குடியாத்தத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம். ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் வேலை. ஒரு மாத விடுமுறையில் இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். படைத்துறையில் இருந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம் என்பதால் இங்கேயே கேட்கிறேன்.

அங்கே நான் போய்வரும் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியாதது. முளைத்த சோளத்தை ஒரே இரவில் ஏர் ஓட்டியது போலப் புரட்டிவிடும். நில உரிமையாளர் வயதானவர், இரவில் துணைக்கு என்னை அழைப்பார். துப்பாக்கி அவருடையது, .223 ரகம். அதன் மேல் சென்ற ஆண்டு ஒரு தெர்மல் ஸ்கோப், அதாவது சூட்டைப் படமாகக் காட்டும் குறிநோக்கி, பொருத்தினார். 35 மி.மீ. லென்ஸ், படம் பிடிக்கும் உணரியில் 384-க்கு 288 புள்ளிகள், ஒரு புள்ளியின் அகலம் 12 மைக்ரான்.

குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி அதை ஜீரோ செய்ய மூன்று மாலைகள் முயன்றோம். 100 கஜத்தில் அட்டை வைத்து, அதன் நடுவில் கையுறைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப்பை ஒன்றை ஒட்டினோம். ஸ்கோப்பில் அது வெள்ளையாகத் தெரிந்தது. சுட்டோம், அட்டையைப் பார்த்தோம், குறுக்குக் கோட்டை நகர்த்தினோம், மறுபடி சுட்டோம். நாற்பது தோட்டாக்கள் தீர்ந்தன. ஒரு குண்டு இடப்பக்கம் நான்கு அங்குலம் தள்ளி விழுந்தால், திருத்திய பிறகு அடுத்தது வலப்பக்கம் ஐந்து அங்குலத்தில் விழுகிறது.

ஓரளவு சரியாகிவிட்டது என்று நம்பி ஓர் இரவு ஒரு பன்றியைச் சுட்டோம். பின்தொடையில் பட்டுப் புதருக்குள் ஓடியது. காலையில் அரை மைல் தள்ளி ஓடையில் கிடந்தது, அப்போதும் மூச்சு இருந்தது. ஸ்கோப் சரியாகும் வரை துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டோம். எங்கே தவறு செய்கிறோம்?

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

தம்பி, நிறுத்தி வைத்தது நல்ல முடிவு. அடிபட்ட விலங்கை ஓடவிட்டவனுக்குத் தூக்கம் வரக் கூடாது. உனக்கு வரவில்லை என்பது எழுத்தில் தெரிகிறது.

முதலில் இலக்கைப் பார்ப்போம். சூட்டுப்பை நான்கு அங்குல நீளம் இருக்கும். தெர்மலில் அது விளிம்பு கரைந்த ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுப்புள்ளி எது? ஒரு முறை நீ நடு என்று நினைத்த இடம் அடுத்த முறை இரண்டு அங்குலம் மேலே இருக்கும். கண்ணுக்குப் பிடி கிடைக்காத இலக்கில் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் சிதறித்தான் சுடும். சூட்டுப்பையைத் தூக்கிப் போடு. சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளை ஓர் அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, அட்டையில் கூட்டல் குறி போல ஒட்டு. அட்டையை நிமிர்த்தி நிறுத்தாமல், மேல் விளிம்பு பின்னால் சாயும்படி கொஞ்சம் மல்லாத்தி வை. அலுமினியம் தன் சூட்டை மிகக் குறைவாகவே வெளிவிடும், எதிரே உள்ளதன் சூட்டைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். சாய்த்து வைத்தால் அது வானத்தைக் காட்டும். மேகம் இல்லாத வானம் தெர்மலுக்குக் கடுங்குளிர். ஆகவே அட்டையில் கூரான விளிம்போடு ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். உன் குறுக்குக் கோட்டை அதன் மேல் அமர்த்தினால் நான்கு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண் தானே சொல்லிவிடும்.

இரண்டாவது, குண்டைத் துரத்துகிறாய். ஒன்று சுட்டு ஒன்று திருத்துவது ஜீரோ அன்று. நான் பணியில் சேர்ந்தபோது 7.62 எஸ்.எல்.ஆர்., பிறகு 5.56 இன்சாஸ். இரண்டிலும் முதல் பாடம் குரூப்பிங்தான். எங்கே விழுகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றனவா? மூன்று சுடு. இடையில் எதையும் தொடாதே. மூன்று துளைகளும் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கினால் அந்த மூன்றின் நடுவை எடுத்துத் திருத்து. அடங்கவில்லை என்றால் திருத்துவதற்கே எதுவும் இல்லை. பிடி, தாங்கல், மூச்சு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது.

மவுண்டை எப்படி இறுக்கினீர்கள் என்று எழுது.

குடியாத்தத்தான் எழுதியது:

நன்றி ஐயா. மவுண்டைத் துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளத்தின் பள்ளத்தில் வைத்து நெம்புகோலை மடக்கினோம், அவ்வளவுதான். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டோம்.

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

மவுண்டின் குறுக்குக் கட்டை பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் இம்மியளவு ஆடும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது தண்டவாளத்தின் மேல் அது முன்னோக்கி நகரும். ஆகையால் முதலிலேயே குழல் முனைப் பக்கமாக முட்டும் வரை தள்ளிவிட்டுப் பிறகு இறுக்கு. எந்தப் பள்ளத்தில் வைத்தாய் என்பதை வெள்ளை வண்ணத்தால் குறித்து வை. கழற்றி மாட்டினால் அதே பள்ளத்தில்தான் மாட்ட வேண்டும்.

மணல் மூட்டை முன்னால் மட்டும் போதாது. அடிக்கட்டைக்கும் ஒரு சிறு மூட்டை வை. அதை இடது கையால் பிசைந்து ஏற்ற இறக்கத்தைச் சரிசெய். வலது கைக்கு விசையை இழுக்கும் வேலை மட்டும்தான்.

ராணிப்பேட்டை மின்னியல் எழுதியது:

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லேன். தொழிற்சாலைகளில் மின் இணைப்புகள் எங்கே சூடேறுகின்றன என்று தெர்மல் கேமராவால் பார்ப்பது என் வேலை. கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சிதறலில் ஒரு பங்கு அதில் இருக்கிறது.

12 மைக்ரான் புள்ளியை லென்ஸின் 35 மி.மீ. குவியத் தூரத்தால் வகுத்தால் 0.34 மில்லிரேடியன், அதாவது ஆயிரம் மீட்டர் தூரத்தில் 0.34 மீட்டர் அகலம். 100 கஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி 31 மி.மீ. அகலத்தை மூடுகிறது, அதாவது ஒன்றேகால் அங்குலம். சாதாரணக் கண்ணாடி ஸ்கோப்பில் திருத்தும் குமிழின் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும் என்பார்கள். உங்கள் ஸ்கோப்பில் ஒரு படி முழுப் புள்ளி நகர்ந்தால் ஒன்றேகால் அங்குலம் தாண்டிவிடும். கால் அங்குலம் என்று நினைத்து எட்டுத் தடவை தட்டினால் இரண்டு அங்குலத்துக்குப் பதில் பத்து அங்குலம் போகும். இடமும் வலமுமாகக் குண்டு தாவியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு படி எவ்வளவு என்று கையேட்டில் கட்டாயம் போட்டிருப்பார்கள். சில ஸ்கோப்புகளில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு திருத்தினால் படி சிறிதாகும்.

முதலில் 50 கஜத்தில் முடித்துவிட்டு அப்புறம் 100-க்குப் போங்கள். அங்கே புள்ளியின் அகலம் பாதிதான்.

கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெர்மல் பார்க்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தைச் சாதாரணக் கண்ணாடி மறித்துவிடும். இந்தக் கருவிகளின் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது, விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் முகத்தின் சூடுதான் சன்னலில் தெரியும்.

ஆற்காட்டு அஞ்சல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். அயல்நாட்டில் விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா? என் தம்பி மகனும் அங்கே இருக்கிறான், அதனால் கேட்கிறேன்.

குடியாத்தத்தான் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. டெக்சாஸில் நில உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் பன்றி சுட 2019 செப்டம்பர் முதல் வேட்டை உரிமமே தேவையில்லை. ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகையை நம்பக் கூடாது. கூட்டரசு விலக்குக்காகவே ஒவ்வோர் ஆண்டும் உரிமம் எடுக்கிறேன். தம்பி மகனிடம் இதை அழுத்தமாகச் சொல்லுங்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒடுகத்தூர்க் கொல்லை எழுதியது:

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. அந்தப் பன்றியும் என் கொல்லைக்கு வரும் பன்றியும் ஒரே இனந்தானே? மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். காய் பிடிக்கும் சமயத்தில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும். பரண் கட்டி, தகரம் தட்டி, பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தாயிற்று. நான்கு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்து வரும். அங்கே சுடலாம், இங்கே நாங்கள் மட்டும் விடிய விடியக் கண் விழிக்க வேண்டுமா? அந்தத் தெர்மலை நம் ஊரில் பயன்படுத்த வழி இல்லையா?

நீதிமன்றச் சாலை எழுதியது:

ஒரே இனந்தான். ஐரோப்பியர் கொண்டுபோன பன்றிகள் அங்கே காட்டில் பெருகின. அங்கே அது வந்தேறி. இங்கே அது இந்த மண்ணின் விலங்கு, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. வேட்டை என்றால் சுடுவது மட்டும் அன்று. கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, முயன்று தோற்பது எல்லாமே அதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே துப்பாக்கியில் தெர்மல் பொருத்திக் கொல்லையில் உட்காருவது என்ற பேச்சே வேண்டாம், உரிமம் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும் கூடாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள்தான், விவசாயி அல்ல. உங்கள் கொல்லை மலையடிவாரம் என்கிறீர்கள், அநேகமாக முதல் வளையத்திலேயே இருக்கும்.

ஒடுகத்தூர்க் கொல்லை எழுதியது:

அப்படியானால் மலையை ஒட்டி இருப்பவனுக்குத்தான் சேதம் அதிகம், அவனுக்குத்தான் வழியும் குறைவு. இதை யாரிடம் சொல்வது?

நீதிமன்றச் சாலை எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது. ஒவ்வொரு சேதத்துக்கும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். மனு கொடுக்காத சேதம் கணக்கில் ஏறாது. ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்கிறேன். கொக்கி போட்டு வேலிக் கம்பியில் மின்சாரம் விடுபவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அதில் பன்றி விழுவதற்கு முன் பக்கத்துக் கொல்லைக்காரன் விழுந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். சூரிய மின்வேலி போடுவதானாலும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வாங்கிப் பதிவு செய்துவிட்டே போட வேண்டும்.

பேரணாம்பட்டு எல்லை எழுதியது:

தெர்மலை இங்கே பயன்படுத்த வழி இருக்கிறது, துப்பாக்கி இல்லாமல். எங்கள் பக்கத்து வேதனை யானை. சித்தூர்ப் பக்கம் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து எல்லை தாண்டி மாந்தோப்புக்கும் வாழைக்கும் வருகிறது. என் உறவினர் ஒருவர் கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் கருவி வைத்திருக்கிறார். மோட்டார் கொட்டகையின் மேல் ஏறி இரவில் மூன்று நான்கு முறை சுற்றிப் பார்ப்பார். யானை தெரிந்தால் வனத்துறைக்குத் தொலைபேசி, தோப்பில் படுத்திருப்பவர்களுக்கும் தகவல். இருட்டில் யானை மேலேயே போய் முட்டிக்கொள்ளும் ஆபத்து அதனால் குறைந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிது.

ஆனால் நம் ஊர் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். மே மாதத்தில் பகல் முழுக்கக் காய்ந்த பாறை இரவு பத்து மணிக்கும் அடுப்புக்கல் போல இருக்கும். கருவியில் குன்று முழுவதும் வெள்ளை. அதன் முன்னால் நிற்கும் பன்றியும் வெள்ளை. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பாறை ஆறிய பிறகுதான் விலங்கு தனியாகப் பிரிந்து தெரியும்.

ராணிப்பேட்டை மின்னியல் எழுதியது:

அது மட்டுமல்ல, சூரியன் உதித்த சிறிது நேரத்துக்குள்ளும் மறைந்த சிறிது நேரத்துக்குள்ளும் பொருளும் பின்புலமும் ஒரே வெப்பநிலையைக் கடக்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது படம் தட்டையாகிவிடும். குடியாத்தத்தான் மாலையில் ஜீரோ செய்ததாக எழுதியிருக்கிறார். நேரத்தையும் மாற்றிப் பாருங்கள்.

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

குடியாத்தத்துத் தம்பி நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். ராணிப்பேட்டை நண்பரும் தம் கேமராவோடு வந்தார். இருட்டியதும் கழனி வரப்பில் ஒரு பலகையை நட்டு, வீட்டில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளால் சிலுவை ஒட்டி, ஐம்பது தப்படி தள்ளி நின்று பார்த்தோம். பலகையை நேராக நிறுத்தியபோது சிலுவை மங்கலாக இருந்தது, எதிரே இருந்த எங்கள் கிணற்றுக் கொட்டகைச் சுவரின் சூட்டை வாங்கிக் காட்டியது. பலகையின் அடியில் ஓர் ஓட்டாஞ்சில்லு வைத்து ஒரு சாண் பின்னால் சாய்த்தோம். கரி கொண்டு எழுதியது போலச் சிலுவை பளிச்சென்று எழுந்தது. சற்று நேரத்தில் ஒரு மேகம் மேலே வந்தது, சிலுவை வெளுத்தது. மேகம் விலகியது, மறுபடி கறுத்தது. இருபத்து நான்கு ஆண்டு பணியில் எத்தனையோ இலக்கு பார்த்தவன் நான், வானத்தைப் பார்த்து நிறம் மாறும் இலக்கை நேற்றுத்தான் பார்த்தேன்.

பிறகு தம்பி ஓர் ஆணியால் பலகையில் துளை போட்டார். கேமராவில் துளை தெரியவே இல்லை. துளைக்கும் பலகைக்கும் ஒரே சூடு, தெரிய வழி ஏது? குண்டுத் துளையும் இப்படித்தான். அதனால் தம்பிக்குச் சொன்ன முறையை இங்கேயும் எழுதுகிறேன். மூன்று சுடு. துப்பாக்கியைக் காலி செய், போல்ட்டைத் திறந்து வை, உடன் இருப்பவரிடம் காட்டு, பிறகு இலக்குக்கு நட. மூன்று துளைகளின் நடுவில் பொத்தான் அளவு அலுமினியப் பொட்டு ஒன்றை ஒட்டு. திரும்பி வந்து, காலித் துப்பாக்கியால் முன்பு போலவே சிலுவையின் நடுவைக் குறி பார். படத்தை உறைய வைக்கும் பொத்தானை அழுத்து. இப்போது குறுக்குக் கோட்டைச் சிலுவையிலிருந்து பொட்டுக்கு நகர்த்து. குண்டு போகும் இடத்துக்குக் கோடு போக வேண்டும், எதிர்ப்பக்கம் அன்று. சேமி. கணக்கு எதுவும் வேண்டாம். மறுபடி மூன்று சுட்டுச் சரிபார்.

இந்த வகை ஸ்கோப்பில் ஒரு வசதி உண்டு. கோடும் படமும் ஒரே திரையில் இருப்பதால் கண் கொஞ்சம் விலகினாலும் குறி விலகாது. ஆனால் சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தப் பொத்தானைத் தட்டிப் படத்தைத் தெளிவாக்கிக்கொள். சுடப்போகும் நொடியில் கருவி தானாக அதைச் செய்தால் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும், அந்தக் கணத்தில் விலங்கு நகர்ந்திருக்கும்.

இன்னொன்று. தெர்மல் சூட்டைத்தான் காட்டும். முள்வேலிக் கம்பியையும் காய்ந்த குச்சியையும் காட்டாமல் போகலாம், குண்டு அவற்றில் பட்டுத் திசை மாறும். விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். தூரத்தில் படுத்திருக்கும் கன்றுக்குட்டிக்கும் பன்றிக்கும் திரையில் வேறுபாடு குறைவு. காதும் முகமும் வாலும் பிரிந்து தெரியும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது.

ஒடுகத்தூர்க் கொல்லை எழுதியது:

பேரணாம்பட்டு நண்பரின் உறவினர் தம் கருவியோடு இரண்டு இரவுகள் எங்கள் கொல்லைக்கு வந்திருந்தார். பன்றிகள் மேற்குக் கரையிலிருந்து வருகின்றன என்று இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன், பரணும் அங்கேதான். உண்மையில் வடக்கே உள்ள ஓடைப் பள்ளத்தில் இறங்கி, புங்க மரத்தடியில் ஒவ்வொன்றாக ஏறி வருகின்றன. ஏழு உருப்படி, அவற்றில் மூன்று குட்டிகள். முதலில் தாய் மட்டும் ஏறி நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. பரணைப் பிரித்து அங்கே மாற்றிக் கட்டிவிட்டேன். தாய் நிற்கும்போதே விளக்கைப் போட்டால் அத்தனையும் திரும்பிவிடுகின்றன. பதினோரு நாட்களாகச் செடி தப்பியிருக்கிறது.

குடியாத்தத்தான் எழுதியது:

டெக்சாஸ் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. நேற்று இரவு ஒன்பதரைக்கு மேல், மேகமில்லாத வானத்தின் கீழ் மறுபடி தொடங்கினோம். மவுண்டை முன்னால் தள்ளி இறுக்கினோம், சிலுவையைச் சாய்த்து வைத்தோம். கையேட்டைப் பார்த்தேன், ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது சரி, ஒரு படி ஒரு முழுப் புள்ளி. 50 கஜத்தில் முதல் மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்கின. அவற்றின் நடு, சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டரை அங்குலத்தில் இருந்தது. பொட்டு ஒட்டி, கோட்டை நான்கு படி நகர்த்தினேன். அடுத்த மூன்றும் சிலுவையில் விழுந்தன. 100 கஜத்தில் மூன்று, ஒன்றே முக்கால் அங்குலத்துக்குள். மொத்தம் ஒன்பது தோட்டாக்கள். பெரியவர் அட்டையைக் கையில் வாங்கி விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார்.

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. அந்த அட்டையில் தேதி, தூரம், தோட்டாவின் ரகமும் எடையும், மவுண்ட் இருந்த பள்ளம் எல்லாவற்றையும் எழுதி வை. தோட்டா ரகத்தை மாற்றினால் முதலிலிருந்து தொடங்கு. இன்னொரு நாள், ஆறிய குழலோடு, ஒரே ஒரு குண்டை 100 கஜத்தில் சுட்டுப் பார். களத்தில் உனக்குக் கிடைக்கப்போவது அந்த ஒன்றுதான்.